பரணுக்கடியில் பூசணிக்காய்

செப்டம்பர் 14, சனி

இன்றிலிருந்து டைரி எழுதப்போகிறேன். எனக்கு எழுதும் பழக்கமெல்லாம் கிடையாது. ஆனால் என் வீட்டுக்காரர் சென்னியப்பனோடு பந்தயம் கட்டியிருக்கிறேன். அந்த மனுஷன் நாளைக்கே "நான் எப்பப் புள்ள அப்படிச் சொன்னேன்?" என்று கேட்கக்கூடியவர். அதனால் எழுதி வைக்கிறேன்.

நாங்கள் அமெரிக்காவில் ஆடு வளர்க்கிறோம். அவர் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு, காட்டை ஒட்டிய இந்த நிலத்தை வாங்கி ஆறு வருஷமாகிறது. காங்கயத்தில் என் அப்பா பட்டியில் நின்ற ஆடுகளைவிட என் பட்டியில் நிற்பவை கொழுகொழுவென்று இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இந்த வருஷம் கொயோட்டித் தொந்தரவு தாங்கவில்லை. நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சிறிது, புத்தி மட்டும் வக்கீல் புத்தி. குட்டிகளாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போகிறது. காவல் இத்தனை நாளும் அவர் பொறுப்புதான். துப்பாக்கியும் அவருடையதுதான். இந்தக் கோடையிலிருந்து ஏனோ அதைத் தொடுவதே இல்லை. சோம்பல்.

இன்று மத்தியானம் சாப்பிடும்போது, "மயிலு, ஆடுகள வித்துப்போடலாம்னு இருக்கறன்" என்றார். ரசம் கேட்பதுபோலச் சொன்னார்.

"ஏனுங்க, பித்துக்கித்துப் புடிச்சிருச்சா?"

"காவலுக்கு ஆரு இருக்கறா?"

"நான் இருக்கறனுங்க. துப்பாக்கியக் கொண்டாங்க."

சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பேச்சு முற்றிப் பந்தயத்தில் வந்து நின்றது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இந்த மான் வேட்ட சீசன்ல, நம்ம நெலத்துல, சட்டப்படி, ஆரு ஒதவியும் இல்லாம, ஒரே ஒரு கொம்பு மான அடிச்சுக் காட்டு. குளுர்ல அசையாம உக்காரவும், குறி தப்பாமச் சுடவும், ரூல்ஸும் உனக்குத் தெரியும்னு அப்ப ஒத்துக்கறன். ஆடு இருக்கட்டும். இல்லீன்னா டிசம்பர்ல ரூத்துக்குக் குடுத்தரோணும்."

ரூத் பக்கத்து நிலத்துக்காரி. என் ஆடுகள்மேல் அவளுக்கு ஆறு வருஷமாக ஒரு கண்.

"கையக் குடுங்க" என்றேன். இடது கையை நீட்டினார். வலது கை சோற்றில் இருந்ததால் இருக்கும்.

செப்டம்பர் 21, சனி

வேட்டை விதிப் புத்தகம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. எங்கள் ஊரில் மான்மேல் கை வைத்தால் ஜெயில். இங்கே ஜெயிலுக்குப் போகாமல் மானைச் சுடுவது எப்படி என்று அரசாங்கமே புத்தகம் போட்டுத் தருகிறது. அட கெரகமே!

ஒரு வாரமாக இதுதான் வேலை. பால் கறந்துவிட்டுப் படிப்பேன், குளம்பு வெட்டிவிட்டுப் படிப்பேன். பிளஸ் டூ பரீட்சைக்கு இப்படிப் படித்திருந்தால் டாக்டராகியிருப்பேன். துப்பாக்கிச் சீசன் நவம்பர் 16இல் தொடங்கி டிசம்பர் முதல் தேதி முடிகிறது. ஆரஞ்சு நிறத்தில் தொப்பியும் மேல்சட்டையும் கட்டாயம். பார்க்கச் சாமியார் மாதிரி இருக்கும், பரவாயில்லை. சூரியன் உதிக்க அரை மணிக்கு முன்னால் சுடக் கூடாது, மறைந்து அரை மணிக்குப் பின்னாலும் கூடாது. இங்கே எங்கள் மாவட்டத்தில் ஆண் மானுக்குக் கொம்பில் ஒரு பக்கமாவது நாலு கிளை இருக்க வேண்டும். அடித்தவுடன், இழுத்து வருவதற்கு முன்பே, டேக் என்ற அனுமதிச் சீட்டில் தேதி குறித்து மானில் கட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கெடுபிடியான விதி தீனியைப் பற்றியது. சோளம், உப்பு, பழம் எதையாவது போட்டு மானை வரவழைக்கக் கூடாது. நாம் போடாவிட்டாலும், கிடப்பது தெரிந்து அங்கே உட்கார்ந்தால் தப்புதான். தீனியைத் துடைத்து அள்ளிய பிறகும் பத்து நாள் அந்த நிலத்தில் மான் வேட்டை கிடையாது.

படித்தவுடன் ஓடிப்போய், வெளியே ஆடுகள் நக்குவதற்கு வைத்திருந்த உப்புக்கட்டியைத் தூக்கிக் கொட்டகைக்குள் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உப்புக்கு என்ன புள்ள வந்துச்சு?"

"சட்டமுங்க" என்றேன். விளக்கம் சொல்லவில்லை. பந்தயத்தில் எதிராளிக்கு எதற்கு விளக்கம்?

அக்டோபர் 6, ஞாயிறு

தீயணைப்பு நிலையத்தில் நேற்றும் இன்றும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு. பரீட்சையும் இன்றே. பொட்டு வைத்த ஆள் நான் ஒருத்திதான். நேற்றுக் காலையில் நுழைந்ததும் ஒரு தாடிக்காரர், சமையல் வகுப்பு பக்கத்துக் கட்டடம் என்று வழி காட்டினார். நன்றி சொல்லிவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

ஆசிரியர் ஒரு கேள்வி போட்டார். மான் சீசனில் கொயோட்டி வந்தால் சுடலாமா? ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் எழுந்தேன். கொயோட்டிக்கு வருஷம் பூராவும் தடையில்லை, ஆனால் மான் சீசனில் காட்டுக்குள் ரைஃபிளோடு இருந்தால் பயன்படுத்தாத மான் டேக் பையில் இருக்க வேண்டும், ஆரஞ்சும் போட்டிருக்க வேண்டும் என்றேன். பக்க எண்ணையும் சொன்னேன். தாடிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

நூற்றுக்கு நூறு. சான்றிதழைச் சமையலறையில் ஒட்டியிருக்கிறேன். உப்பு டப்பாவை எடுக்கும்போதெல்லாம் சென்னியப்பன் கண்ணில் பட வேண்டும்.

அக்டோபர் 19, சனி

குறி பழகுகிறேன். நூறு கஜத்தில் காகிதத் தட்டு. ஆரம்பத்தில் தோள் வீங்கியது. இப்போது தட்டின் நடுவில் போகிறது. இன்று அடுத்தடுத்துப் போட்டவை எல்லாம் ஒரே உள்ளங்கை அகலத்துக்குள். "ஏனுங்க, பாத்தீங்களா!" என்று கத்தினேன்.

அவர் காபி டம்ளரோடு வேலியோரம் நின்றிருந்தார். "பரவாயில்ல" என்றார். பரவாயில்லையாம்! டம்ளர் அடியிலிருந்த டபரா வட்டையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. காபியைக் குறைக்கச் சொல்ல வேண்டும். இந்த மனுஷன் இப்போதெல்லாம் சட்டைக்குப் பித்தான்கூட என்னைப் போட்டுவிடச் சொல்கிறார். இன்று காலையிலும் நான்தான் போட்டுவிட்டேன்.

நிலத்தின் கிழக்கு மூலையில் ஓக் மரத்தில் ஏணி சாய்த்துப் பரண் கட்டினேன். தனியாகத்தான் கட்டினேன். மேலே உட்கார்ந்தால் ஒரு பக்கம் காடு, மறு பக்கம் என் ஆட்டுப்பட்டியும் வேலியும் தெரிகின்றன. ஊரில் சோளக்காட்டுப் பரணில் கவணோடு உட்கார்ந்திருக்கிறேன். இதற்குக் கொஞ்சம் குளிர் அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நவம்பர் 1, வெள்ளி

நேற்றுத் தீபாவளி. முறுக்குச் சுட்டேன், வட்டையோடு ரூத்துக்குக் கொடுத்தேன். அவள் பேசுவது இங்கிலீஷ்தான், என் காதில் விழும்போது காங்கயம் பேச்சாகிவிடுகிறது. "மயிலு, மான் கெடைக்காட்டி வருத்தப்படாத. உன்ற ஆடுகள நான் நல்லாப் பாத்துக்குவேன்" என்றாள். முறுக்கைத் தின்றுகொண்டே சொல்கிறாள்!

சாயங்காலம் மாமியார் போனில் வந்தார். "ஏஞ்சாமி, மானச் சுடப்போறியாமா? இங்க மானத் தொட்டா ஜாமீன் கூடக் கெடைக்காதாம்மிணி."

"அத்தை, இங்க அரசாங்கமே டேக் குடுக்குதுங்க."

"குடுக்கட்டும். பொம்பளப்புள்ள மரத்து மேல ஏறித் துப்பாக்கியோட உக்காந்தா ஊர்க் கண்ணெல்லாம் உன்ற மேலதான். அவங்கிட்டக் குடு போன."

அவர் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். வெகு நேரம் அம்மாவும் பிள்ளையும் பேசினார்கள். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார்.

நவம்பர் 10, ஞாயிறு

இரண்டு பெட்டை ஆடுகளுக்குச் சளி. மருந்து ஊற்றினேன். மழை.

நவம்பர் 15, வெள்ளி

நாளை சீசன். ரைஃபிளைத் துடைத்தாகிவிட்டது. டேக், பேனா, கயிறு, கத்தி, ஆரஞ்சுத் தொப்பி எல்லாம் கதவருகில். தலையில் தேய்க்கும் எண்ணெயைக்கூட ஒரு வாரமாக நிறுத்திவிட்டேன். மானுக்கு மூக்கு கூர்மை.

பொழுது சாயும் நேரத்தில் அவர் "வேலியப் பாத்துட்டு வர்றேன்" என்று கிழக்குப் பக்கம் போனார். சோம்பேறி மனுஷனுக்கு இன்றைக்கு வேலிமேல் என்ன அக்கறையோ. வரும்போது கையில் கற்பூர வாசனை. சாமி இல்லை என்கிறவர் இன்றைக்குக் கும்பிட்டிருப்பார், என் தோல்விக்கு வேண்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 16, சனி

பேனாவை உடைக்காமல் எழுத முடியுமா தெரியவில்லை. அவ்வளவு கோபம். முதலிலிருந்து எழுதுகிறேன்.

விடியுமுன் பரண் ஏறிவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். மெல்ல வெளுத்தது. சட்டப்படியான நேரம் வந்தது, கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அப்போது அவன் வந்தான். நல்ல கிடா மான். நேராக என் பரணுக்கடியில் வந்து தலையைக் குனிந்தான். கொம்பை எண்ணினேன். ஒரு பக்கம் நாலு, மறு பக்கம் அஞ்சு. முதல் நாள், முதல் மணி! துப்பாக்கியின் சேஃப்டிப் பூட்டைத் தள்ளினேன். பக்கவாட்டில் நின்றான். தப்பவே முடியாத குறி.

அவன் தலையைத் தூக்கினான். வாயில் ஏதோ ஆரஞ்சு நிறமாக. மூக்கில் சிவப்பு.

ரத்தமோ என்று நினைத்தேன். இல்லை. தரையைப் பார்த்தேன். உடைந்த பூசணிக்காய். துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. உள்ளே குங்குமம். நடுவில் கரிந்த கற்பூரத் தழும்பு. ஹாலோவீன் பண்டிகை முடிந்து கடைகளில் மிச்சம் கிடக்குமே, அந்தப் பூசணி. கண்ணேறு கழிக்கச் சுற்றி உடைத்திருக்கிறார்கள். யார் உடைத்தது என்று கேட்கவா வேண்டும்?

சுடலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? நான் வைத்த தீனியா? அது தீனியே இல்லை, திருஷ்டி. ஆனால் மானுக்கு அது தெரியாதே, அது தின்கிறதே. புத்தகத்துக்கும் அது தெரியாது. தீனி என்றால் தீனிதான். சட்டப்படி என்றுதானே பந்தயம். சேஃப்டியை மறுபடி போட்டேன். தோட்டாவை வெளியே எடுத்தேன். அந்தச் சத்தத்தில் அவன் தாவி ஓடினான். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டு இறங்கினேன்.

வனவிலங்கு அதிகாரி கெஸ்லருக்கு நானே போன் செய்தேன். சீசன் முதல் நாள் அவருக்கு மூச்சு விட நேரமில்லை. எரிச்சலோடுதான் வந்தார். தரையைக் குனிந்து பார்த்தார்.

"இந்தச் செவப்புப் பொடி என்ன? மானுக்குப் புடிக்குமா?"

"சாமிக்குப் புடிக்கும்" என்றேன்.

வேறு யாரோ தங்கள் நிலத்தில் தீனி போட்டுவிட்டார்கள் என்று புகார் சொல்லத்தான் அவரைக் கூப்பிடுவார்களாம். "உன் வீட்டுப் பூசணிக்கு நீயே புகார் குடுக்கறியா?" என்று கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு விதியைச் சொன்னார். நான் முந்திக்கொண்டு மீதியைச் சொன்னேன். இன்று சாயங்காலத்துக்குள் ஒரு விதைகூட இல்லாமல் அள்ளினால் இருபத்தேழாம் தேதி பரண் ஏறலாம். அபராதம் போடவில்லை.

வீட்டுக்கு வந்து பிடித்தேன் பாருங்கள் சண்டை.

"வேணும்னேதான பண்ணிப்போட்டீங்க? ஜெயிக்க மாட்டோம்னு தெரிஞ்சு குழி தோண்டுனீங்களா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அம்மா சொன்னாங்க புள்ள. கண்ணு படும், மரத்துலிருந்து விழுந்துகிழுந்து போட்டா என்ன பண்றதுன்னாங்க. நீ அங்க ஏறி ஒக்கார்றத நெனச்சா எனக்கு ரெண்டு ராத்திரியாத் தூக்கமில்ல. சுத்தி ஒடச்சுட்டேன். மான் திங்கும்னு தோணவே இல்ல மயிலு."

சாமி இல்லை பூதம் இல்லை என்று கல்யாணத்திலேயே ஐயரோடு வாதாடிய மனுஷன். ஆனாலும் கோபம் குறையவில்லை. "வாங்க, பொறுக்கலாம்" என்றேன்.

இரண்டு பேரும் மண்டி போட்டு இலைகளுக்குள் விதை பொறுக்கினோம். அவர் ஒரு விதையை எடுப்பார், அது விரலிலிருந்து நழுவும், மறுபடி எடுப்பார். "நீங்க பக்கெட்டப் புடிங்க" என்று சொல்லிவிட்டேன். குளிரில் விரல் மரத்துப்போயிருக்கும். கெஸ்லர் சாயங்காலம் வந்து டார்ச் அடித்துப் பார்த்து, சுத்தம் என்றார்.

நவம்பர் 17, ஞாயிறு

சுற்றிலும் துப்பாக்கிச் சத்தம். ஊரே மான் அடிக்கிறது. நான் கொட்டகையைக் கழுவினேன். ரூத் போன் செய்து, தன் நிலத்தில் வந்து உட்காரச் சொன்னாள். நம்ம நிலம் என்பதுதான் பந்தயம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நவம்பர் 22, வெள்ளி

வெள்ளக்காதுக் குட்டி போய்விட்டது. பட்டப்பகலில். புட்டிப்பால் குடித்து வளர்ந்தது, என் சத்தம் கேட்டால் ஓடி வரும்.

ஆடுகள் கத்தியதும் நான் பால் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் எனக்கு முன்னால் துப்பாக்கியோடு வேலியில் நின்றார். கொயோட்டி குட்டியை இழுத்துக்கொண்டு மெதுவாகத்தான் போனது. வீட்டு முற்றத்து அகலம்தான் தூரம். சுட்டார். மறுபடியும் சுட்டார். மண் தெறித்தது. கொயோட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டு, அங்கேயே வேலிக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். கையை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

காற்று பலமாக இருந்தது என்று எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 23, சனி

சட்டைப் பித்தான், டம்ளர், விதை. எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

நவம்பர் 28, வியாழன்

நேற்றும் இன்றும் பரண். மழை, பிறகு பனி. ஒரு கிடா மான் வந்தது. எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன், இரண்டு பக்கமும் மூன்றுதான். போடா ராஜா, அடுத்த வருஷம் வா என்று விட்டுவிட்டேன். கால் விரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

ரூத் பூசணிப் பை கொண்டுவந்தாள், பூசணிக்காய் வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரம். சென்னியப்பன் அதைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரூத் விஷயத்துக்கு வந்தாள். "செவ்வாய்க்கெழம டிரெய்லரக் கொண்டாந்தராட்டா?"

"சீசன் இன்னும் முடியல ரூத்" என்றேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

கடைசி நாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஏறினேன். பனி விழுந்து எல்லாம் வெள்ளையாக இருந்தது. கீழே பட்டியில் ஆடுகள் வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பரணைப் பார்க்காத மாதிரி பரணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது இறங்கும் நேரம். அவனே வந்தான். ஒரு பக்கம் நாலு, மறு பக்கம் அஞ்சு, அதே கொம்பு. இந்த முறை தரையில் பனியைத் தவிர ஒன்றும் இல்லை. ஓக் இலையை முகர்ந்துகொண்டு பக்கவாட்டில் நின்றான். டேக் பையில். நேரம் சட்டப்படி. எல்லாமே சட்டப்படி. ரைஃபிளைத் தோளில் ஏற்றினேன். சேஃப்டி போனது. மூச்சை விட்டேன். என் ஆடுகள் எனக்கே என்று மனசுக்குள் சொன்னேன்.

பின்னால் ஒரு ஆடு தும்மியது. பயந்தால் ஆடு அப்படித்தான் தும்மும். மூக்கால் ஒரு வெடிப்பு. எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்குக்கூட அந்தச் சத்தம் தெரியும்.

தலையை மட்டும் திருப்பினேன். வேலியோரம் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு கொயோட்டி. கம்பிக்கு அந்தப் பக்கம், கூட்டத்தைவிட்டு விலகி, சினையாக நிற்கும் என் பெட்டை ஆடு கருப்பி. அது பார்க்கவே இல்லை.

ஒரு குண்டுதான். எதைச் சுட்டாலும் மற்றது ஓடிவிடும். மானைச் சுட்டால் பந்தயம் ஜெயித்தேன், கருப்பி போய்விடும். கருப்பியைக் காப்பாற்றினால் பந்தயம் போய்விடும், எல்லா ஆடும் ரூத்துக்கு. யோசித்தேன் என்று பொய் எழுத மாட்டேன். யோசிக்க நேரமில்லை. உடம்பு தானாகத் திரும்பியது. ஆடு மேய்த்த உடம்பு.

கொயோட்டி விழுந்தது. ஒரே குண்டு. நூறு கஜத்துக்கும் மேலே.

திரும்பினால் மான் இல்லை. பனியில் தாவிய தடம்தான் இருந்தது. இருட்டும்வரை, நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. தோட்டாவை எடுத்துவிட்டு இறங்கினேன். கால் மரத்து ஏணியில் தடுமாறியபோது கீழே ஒரு கை இடுப்பைப் பிடித்தது. இந்தப் பனியில் அவர் எப்போது ஓடி வந்தார் என்று தெரியவில்லை.

"பாத்தேன் மயிலு" என்றார். "எல்லாத்தையும் பாத்தேன்."

டிசம்பர் 2, திங்கள்

காலையில் இட்லி வைத்தேன். "ரூத்துக்கு நானே சொல்லிட்டேனுங்க, நாளைக்கு வரச்சொல்லி" என்றேன்.

"என்ன புள்ள பேசற? ஆரு விக்கச் சொன்னா?"

"மான் அடிக்கலயே. கொயோட்டிக்குப் பந்தயம் இல்ல. சட்டம்னா எல்லாத்துக்கும்தான் சட்டம். பூசணிக்கா கெடந்த அன்னிக்கே சட்டத்த விட்டுக்குடுக்காதவ, இன்னிக்கு உங்க தயவுலயா ஜெயிக்கோணும்?"

அவர் இட்லியைத் தொடாமல் என்னையே பார்த்தார். சான்றிதழைப் பார்த்தார். வெளியே போய்விட்டார். நான் பட்டியில் போய்க் கருப்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆமாம், அழுதேன். தோற்றவள் அழலாம், அதற்கு விதி இல்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

ரூத் டிரெய்லரோடு வந்தாள். வண்டியைப் பின்னோக்கி ஓட்டிப் பட்டிக் கதவில் சரியாக ஒட்டினாள். நான் கதவருகில் நின்றேன்.

ரூத் இறங்கி, இங்கே ஆம்பிளைகளோடு பேரம் முடிக்கிற வழக்கப்படி, சென்னியப்பனிடம் கையை நீட்டினாள். அவர் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து வலது கையை எடுத்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டினார். அது நடுங்கியது. மறைக்கவில்லை. நிறுத்தப் பார்க்கவுமில்லை. ரூத் பார்க்கிற வரைக்கும் அப்படியே வைத்திருந்தார்.

"இது மே மாசத்துலிருந்து இப்படித்தான் ரூத். துப்பாக்கி புடிக்க முடியாது. அதனாலதான் ஆட்ட வித்துப்போட நெனச்சேன். வெக்கமா இருந்துச்சு, இவகிட்டப் பந்தயம்னு கதை வுட்டேன். காவலுக்கு ஆளிருக்குதான்னு தெரிஞ்சுக்கத்தான் பந்தயமே. அந்தக் கேள்விக்குப் பதிலு, முந்தா நேத்து வேலியோரத்துல செத்து வுழுந்த கொயோட்டிதான்."

அப்புறம் என் பக்கம் கையைக் காட்டினார். இவ்வளவு ஆளுக்கு நடுவில் என்னை அவர் புகழ்ந்ததே இல்லை. இவ்வளவு ஆள் என்றால் ரூத் ஒருத்திதான், ஆனாலும்.

"இந்தப் பண்ணைல வேட்டைக்காரி இவதான். ஆடு இவளுது. விக்கறதுன்னா இவளக் கேளு."

ரூத் என்னைப் பார்த்தாள். எனக்குச் சட்டம் தெரியும். எழுதி வைத்த பந்தயத்தில் தோற்றுவிட்டேன். ஆனால் பந்தயம் கட்டியவரே, சாட்சியை வைத்துக்கொண்டு, அதைக் கலைத்துவிட்டார். இதற்கு எந்தப் பக்கத்திலும் தடை போட்டிருப்பதாக எனக்கு நினைவில்லை.

"விக்கறதில்ல ரூத்" என்றேன். "டிரெய்லர மட்டும் வெள்ளிக்கெழம வரைக்கும் வுட்டுட்டுப் போறியா? கருப்பிக்கு ஸ்கேன் எடுக்கோணும், அவளையும் ஏத்திட்டு டவுனுக்குப் போகோணும்."

"அவளையும்னா? வேற ஆரு?"

"இவருதான்" என்றேன். "நரம்பு டாக்டர்கிட்ட. நான்தான் வண்டி ஓட்டறேன்."

சென்னியப்பன் தலையாட்டினார். ரூத் கையை என்னிடம் நீட்டினாள். கெட்டியாகப் பிடித்துக் குலுக்கினேன்.